இதை எப்படிக் கழற்றுவது?

எங்கள் முதல் தொலைநோக்கி செத்துப்போன இரவில் வானம் அப்படியொரு சுத்தமாக இருந்தது. எங்கள் குழுவின் வானக் கண்காணிப்புக் கூடத்தின் கூரையைத் தள்ளித் திறந்தோம், சுவிட்சைப் போட்டோம், தொலைநோக்கியை இயக்கும் கைப்பெட்டியின் திரையில் எழுத்தே வரவில்லை. ஃபியூஸைப் பார்த்தோம், வயரை மாற்றினோம், வேறு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தோம். கடைசியில், தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டின் அடிமூடியைத் திறந்தபோது கருகிய வாசனை வந்தது. சர்க்யூட் போர்டு போய்விட்டது.

அது 280 மி.மீ. விட்டமுள்ள ஷ்மிட்-காசெக்ரெய்ன், வளைந்த கண்ணாடி ஒளியைக் குவிக்கும் குட்டைக் குழாய் வகை. கவட்டை போன்ற இரண்டு கைகள் குழாயைத் தாங்கிப் பிடித்திருக்கும். மோட்டார், கியர், போர்டு எல்லாம் அந்தக் கைகளுக்குள்ளும் அடிப்பாகத்துக்குள்ளும்தான். வாங்கி ஐந்தாவது வருடம். கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது. முன்னாலிருக்கும் திருத்தத் தட்டு (பிம்பப் பிழையை நீக்கும் மெல்லிய கண்ணாடித் தகடு) பளிச்சென்று இருந்தது. தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினோம். அந்த மாடலை நிறுத்திவிட்டார்களாம், போர்டு கையிருப்பில் இல்லையாம், வேண்டுமானால் புது மாடலுக்கு மாறிக்கொள்ளலாமாம். உள்ளங்கை அளவு பலகை ஒன்று கருகியதால், நல்ல கண்ணுள்ள ஒரு தொலைநோக்கி குருடாகி நின்றது.

எங்கள் குழுவில் ஒரு பெரியவர் உண்டு. ஆயுள் முழுக்க லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். நட்சத்திரப் பெயர்கள் அவருக்குப் பாதிகூடத் தெரியாது. ஆனால் எந்த இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினாலும் சற்று நேரத்தில் அதன் நோயைச் சொல்லிவிடுவார். மறுநாள் வந்தார். இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இதை எப்படித் தம்பி கழற்றுவது?" என்றார்.

எங்களில் யாருக்கும் தெரியவில்லை. சனியின் வளையங்களையும் ஓரியன் நெபுலாவையும் எத்தனையோ பேருக்கு அதில் காட்டியிருக்கிறோம். அதைக் கழற்ற வேண்டிவரும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. குழாயைக் கவட்டையிலிருந்து பிரிக்க இரண்டு நாள் ஆனது. எட்டு போல்ட்டில் இரண்டு அசையவே இல்லை. அலுமினிய மரைக்குள் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை கிரீஸ் தடவாமல் முறுக்கிவிட்டால், ஈரம் பட்டுப் பட்டு இரண்டு உலோகமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். துளையிட்டுத்தான் எடுக்க முடிந்தது. பெரியவர் திட்டவில்லை. "இனி எதை வாங்கினாலும் வாங்கிய அன்றே ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றி, கிரீஸ் வைத்து, திரும்ப மாட்டிவிடுங்கள்" என்றார். இன்றைக்கும் அதைச் செய்கிறோம். அதற்கென்றே ஆன்டி-சீஸ் என்று ஒரு பசை கிடைக்கிறது. ஒரு டப்பா பல வருடம் வரும்.

முதல்முறை வாங்கும்போது என்னவெல்லாம் பார்த்தோம் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. விட்டம் எவ்வளவு, எடை எவ்வளவு, கைப்பெட்டியின் நினைவில் எத்தனை ஆயிரம் பொருள்கள். எடை குறைவு என்று மகிழ்ந்தது ஞாபகம் இருக்கிறது. நிலையாக ஓர் இடத்தில் நிற்கப்போகும் தொலைநோக்கிக்கு எடை குறைவாக இருந்து என்ன பயன்? காரில் ஏற்றி இறக்குபவருக்கு ஒவ்வொரு கிலோவும் பாரம். கண்காணிப்புக் கூடத்தில் எடைதான் நண்பன், காற்றில் ஆடாது. அங்கே எதிரிகள் வேறு. தொலைநோக்கியைப் பயன்படுத்துவது வருடத்துக்கு நூறு இரவாக இருக்கலாம், ஆனால் வெயிலையும் ஈரத்தையும் தூசியையும் பூச்சியையும் அது 365 நாளும் தாங்க வேண்டும். தூக்கிச் செல்ல வடிவமைத்த கருவி வேலை முடிந்ததும் வீட்டுக்குள் போய்விடும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது. அதை வெளியே நிறுத்தியது எங்கள் தப்பு.

இரண்டாவது தொலைநோக்கியைத் தேர்ந்தெடுக்கக் கிட்டத்தட்ட ஒரு வருடம் எடுத்துக்கொண்டோம். எங்களுக்கு இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். வருகிறவர்களுக்கு வானம் காட்ட வேண்டும், ஒளி கூடிக் குறையும் மாறொளி விண்மீன்களின் பிரகாசத்தைத் தொடர்ந்து அளக்க வேண்டும். இரண்டாவது வேலையில்தான் நீடித்து உழைப்பது என்ற பேச்சே முக்கியமாகிறது. ஒரு நட்சத்திரத்தை ஒரே கருவியால் பல வருடம் அளந்தால், அந்தத் தொடர்ச்சிக்கே தனி மதிப்பு உண்டு. 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு விவசாயக் குடும்பத்தில் பிறந்த லெஸ்லி பெல்டியர் 1918 முதல் 1980இல் இறக்கும்வரை கணக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். மொத்தம் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அளவீடுகள். அவர் வெகுகாலம் பயன்படுத்தியது இரவலாகக் கிடைத்த ஒரு 6 அங்குல லென்ஸ் தொலைநோக்கி.

லென்ஸா, கண்ணாடியா என்ற சண்டை எங்களிடமும் நடந்தது. லென்ஸ் தொலைநோக்கியின் பக்கம் நியாயம் அதிகம். குழாய் மூடியது, அச்சுச் சீரமைப்பு (பாகங்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பது) அவ்வளவாகக் கலையாது, கண்ணாடியைப் போல உலோகப் பூச்சு மங்கி மறுபூச்சுக்கு அனுப்பும் தொல்லை இல்லை. லென்ஸ் செய்யும் கண்ணாடிப் பொருள் மூப்படைவதில்லை. அமெரிக்காவின் யெர்க்ஸ் கூடத்தின் 40 அங்குல லென்ஸ் 1897இலிருந்து இருக்கிறது, இன்னும் அதன் வழியே பார்க்கலாம். ஆனால் 150 மி.மீ.க்கு மேல் போனால் நல்ல லென்ஸின் விலையும் நீளமும் நம்மை மிரட்டும். மூன்று லென்ஸுக்கு நடுவே எண்ணெய் வைத்த வகை ஒன்று உண்டு. அருமையான பிம்பம். வருடங்கள் போனபிறகு எண்ணெய் ஓரமாகக் கசிந்தால், செய்தவரிடமே அனுப்ப வேண்டியிருக்கும். அவர் அப்போது தொழிலில் இருப்பாரா என்று பெரியவர் கேட்டார். அந்த வகை பட்டியலிலிருந்து போனது.

மறுபடி ஷ்மிட்-காசெக்ரெய்ன் வாங்கலாமா என்றும் பேசினோம். குட்டையான குழாய், மூடிய அமைப்பு, பார்வையாளர்களுக்கு வசதியான உயரத்தில் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ். எங்களுக்கு ஒத்துவராத விஷயம் குவியம், அதாவது பிம்பத்தைக் கூர்மையாக்கும் விதம்தான். அந்த வகையில் குமிழைத் திருகினால் உள்ளேயிருக்கும் பெரிய கண்ணாடியே நடுக்குழாயின் மேல் வழுக்கிக்கொண்டு நகரும். எஃப்/2 கண்ணாடியை (எஃப் எண் என்பது குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தது) முன்னாலிருக்கும் சிறிய துணைக் கண்ணாடி ஐந்து மடங்கு பெருக்கி எஃப்/10 ஆக்குவதால், பெரிய கண்ணாடி 0.1 மி.மீ. நகர்ந்தால் பின்னால் குவியம் சுமார் 2.5 மி.மீ. தள்ளிப்போகும். வருடக்கணக்கில் கிரீஸ் காய்ந்தபிறகு கண்ணாடி வழுக்காமல் எகிறும். குழாய் மேற்கே சாயும்போது ஒரு பக்கம் சரியும். கண்ணால் பார்க்கிறவருக்கு இது பெரிய குறையே இல்லை. அளவீடு செய்கிறவருக்குத் தினமும் ஒரு தலைவலி. திருத்தத் தட்டு வேறு வானத்தை நேரே பார்த்துக்கொண்டு இருப்பதால் பனி முதலில் அதன்மேல்தான் இறங்கும்.

கடைசியில் நாங்கள் எடுத்தது எல்லோரும் கொஞ்சம் அலட்சியமாகப் பேசும் ஒன்று: 300 மி.மீ. எஃப்/5 நியூட்டோனியன், இரும்புத் தகட்டுக் குழாய். ஒரு வளைந்த கண்ணாடி, ஒரு தட்டைக் கண்ணாடி, நடுவே ஒரு குழாய், கொஞ்சம் திருகுகள். ஆலன் சாவி ஒரு செட், ஒரு ஸ்பேனர், ஒரு திருப்புளி இருந்தால் மேசைமேல் முழுவதையும் பிரித்துப் பரப்பிவிடலாம். பெரியவருக்கு மிகவும் பிடித்துப்போனது. "இது வண்டி மாதிரி, அது கைக்கடிகாரம் மாதிரி" என்றார்.

எஃப்/4 வாங்கியிருந்தால் குழாய் 30 செ.மீ. குட்டையாகியிருக்கும். வேண்டாம் என்று முடிவெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. கண்ணாடிகளின் அச்சு எவ்வளவு பிசகினால் பிம்பம் கெடும் என்பது இந்த எண்ணின் கனத்தைப் பொறுத்தது. 4இன் கனம் 64, 5இன் கனம் 125. அதாவது எஃப்/5 ஏறக்குறைய இரண்டு மடங்கு பொறுத்துக்கொள்ளும். இரவில் வெப்பம் இறங்க இறங்க உலோகம் சுருங்கும். குழாய் திசை மாறும்போது எடை இடம்மாறும். பிசகு வரத்தான் செய்யும். எப்போதும் சரியாக இருக்கும் கருவியைத் தேடுவதைவிட, கொஞ்சம் பிசகினாலும் மன்னிக்கும் கருவியைத் தேடுவது லாபம்.

குவியத்துக்கும் இதே கதை. எங்கள் குழாயின் குவியத் தூரம் 1500 மி.மீ. இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 0.012 மி.மீ. சுருங்கும். மாலையிலிருந்து நள்ளிரவுக்குள் 10 டிகிரி இறங்கினால் குழாய் 0.18 மி.மீ. குட்டையாகிவிடும். எஃப்/5இல் படம் கூர்மையாக இருக்கும் இடைவெளி மொத்தமே 0.07 மி.மீ.க்குள்தான். அலுமினியக் குழாயாக இருந்தால் சுருக்கம் கிட்டத்தட்ட இரு மடங்கு. கார்பன் ஃபைபர் மிகவும் குறைவு, வாங்க முடிந்தால் வாங்குங்கள். எங்களால் முடியவில்லை. மூன்று டிகிரி இறங்கும்போதெல்லாம் திரும்பக் குவியம் பார்ப்பது என்று வழக்கம் வைத்துக்கொண்டோம். சுவரில் ஒரு வெப்பமானி மாட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். இரும்புக் குழாயின் விளிம்பு மடிப்புகளில் துரு வரும் என்பதும் உண்மை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறோம்.

ஐபீஸையோ கேமராவையோ முன்னும் பின்னும் நகர்த்தும் குவியச் சட்டத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. உருளையின் அழுத்தத்தில் வழுக்கிச் செல்லும் கிரேஃபோர்டு வகை கைக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும். கனமான கேமராவை மாட்டிக் குழாயை உச்சிக்குத் திருப்பினால் மெல்ல இறங்க ஆரம்பிக்கும். பல் வைத்த வகையே நீண்டகாலத்துக்கு நல்லது.

இப்போது ஒரு வெட்கக்கேடான சம்பவம். வாங்கி மூன்றாவது கோடையில் கூரையைத் திறந்தபோது குழாயின் அடியிலிருந்து ஏதோ உருளும் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால் துணைக் கண்ணாடி மேலே இல்லை. அதைத் தாங்கியில் சிலிகான் பசையால் ஒட்டியிருப்பார்கள். மூடிய கூரைக்குள் வெயில் காலத்தில் வெளியைவிட எவ்வளவோ சூடு ஏறும். தினமும் சூடாகி, தினமும் குளிர்ந்து, பசை விட்டுப்போயிருந்தது. அன்று குழாயைப் படுக்கவைத்து நிறுத்தியிருந்ததால் துணைக் கண்ணாடி குழாயின் சுவரில் விழுந்து, ஓரத்தில் மட்டும் சில்லு போனது. செங்குத்தாக நிறுத்தியிருந்தால் நேரே பெரிய கண்ணாடியின் மேல் இறங்கியிருக்கும். அன்றிலிருந்து மூன்று விதிகள். தொலைநோக்கியை எப்போதும் கிடைமட்டமாகத்தான் நிறுத்துவோம். பசையை மூன்று பொட்டாக, இடையில் கொஞ்சம் கனம் விட்டு வைப்போம். முழுக்கப் பூசினால் கண்ணாடி இழுபட்டு பிம்பம் நசுங்கும். துணைக் கண்ணாடியின் முதுகிலிருந்து தாங்கிக்கு ஒரு மெல்லிய கம்பியைத் தளர்வாகக் கட்டியிருக்கிறோம், பசை விட்டாலும் தொங்கும். வாங்கப்போகும் தொலைநோக்கியில் இந்த இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விளம்பரத்தில் இது வராது.

பெரிய கண்ணாடியைப் பிடிக்கும் கொக்கிகளையும் பாருங்கள். கண்ணாடிக்கும் கொக்கிக்கும் நடுவே ஒரு காகிதம் நுழைய வேண்டும். இறுக்கி வைத்தால் நட்சத்திரம் முக்கோணமாகத் தெரியும். எங்களுடையது முதலில் அப்படித்தான் தெரிந்தது, கண்ணாடியே கோளாறு என்று பத்து நாள் கவலைப்பட்டோம்.

மவுண்டுக்கு வருகிறேன். நீண்டகாலத்துக்கு வாங்குகிறவர் பணத்தைப் பெரும்பாலும் இங்கேதான் கொட்ட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதற்கு ஒரு பழைய கதையை எங்கள் குழுவில் அடிக்கடி சொல்வோம்.

டப்ளினில் தாமஸ் க்ரப் செய்த 48 அங்குலத் தொலைநோக்கி 1869இல் மெல்போர்னில் நிறுவப்பட்டது. அந்தக் காலத்து மாபெரும் கருவிகளில் ஒன்று. அதன் கண்ணாடி கண்ணாடியே அல்ல. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். கண்ணாடியின் மேல் வெள்ளி பூசும் முறை அதற்குள் வந்துவிட்டிருந்தும், பெரிய கருவிக்கு நிரூபிக்கப்பட்ட பழைய உலோகமே பாதுகாப்பு என்று தீர்மானித்தார்கள். உலோகம் மங்கியது. மங்கினால் மெருகேற்ற வேண்டும், மெருகேற்றினால் வளைவே மாறிவிடும், வளைவைத் திரும்பக் கொண்டுவரத் தேர்ந்த கை வேண்டும். அந்தக் கை அங்கே இல்லை. வெள்ளி பூசிய கண்ணாடியிலோ, மங்கிய வெள்ளியை அமிலத்தில் கரைத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம், வளைவை யாரும் தொட வேண்டியதில்லை. பெயர்பெற்ற அந்தத் தொலைநோக்கி தோல்வி என்றே பேசப்பட்டது. ஆனால் க்ரப் செய்த இரும்பு வேலை சாகவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அது கான்பெரா அருகே ஸ்ட்ரோம்லோ மலைக்குப் போனது, புதுக் கண்ணாடியும் புது மோட்டாரும் ஏறின. 1990களில் இருண்ட பொருளைத் தேடிய மாக்கோ ஆய்வு நடந்தது அதில்தான். கடைசியில் 2003இல் காட்டுத்தீயில் எரிந்தது. எரிந்த பாகங்களையும் எடுத்து மீட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பெரியவர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "பேரிங் என்ன போட்டிருந்தார்கள்?" என்றுதான் கேட்டார். எங்களுக்கு மவுண்ட் தேடும்போதும் அதே கேள்வி. பேரிங்கின் விளிம்பில் ஓர் எண் பொறித்திருக்கும். 6008 என்றால் உள்விட்டம் 40 மி.மீ., வெளிவிட்டம் 68, அகலம் 15. எந்த நாட்டில், எந்தக் கம்பெனி செய்தாலும் அதே அளவு. தொலைநோக்கி நிறுவனங்கள் வரும் போகும். இந்த எண் போகாது. பல் வைத்த பெல்ட்டும் அப்படியே, பல் இடைவெளியும் பல் எண்ணிக்கையும் தெரிந்தால் போதும். ஸ்டெப்பர் மோட்டாரும் அப்படியே: ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும் வகை, முகப்புத் தட்டின் அளவு எல்லாம் பொதுத் தரம். இப்படிப் பொதுவான பாகங்களால் ஆன மவுண்டா, அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரிய பாகங்களால் ஆனதா என்று பார்த்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

மாற்ற முடியாதது ஒன்று உண்டு, வார்ம் சக்கரம்: வார்ம் என்ற திருகுத் தண்டு மெல்லச் சுழற்றும் பல் சக்கரம். வெண்கலத்தில், பெரிய விட்டத்தில் இருப்பது நல்லது. எங்களுடையதில் 180 பற்கள். பூமியின் ஒரு சுழற்சிக்கு 1436 நிமிடம் என்பதால் வார்ம் ஒரு சுற்றுக்கு சுமார் 8 நிமிடம் எடுத்துக்கொள்ளும். பல் செதுக்கிய பிழை எவ்வளவோ, அவ்வளவுக்கு 8 நிமிடத்துக்கு ஒருமுறை நட்சத்திரம் முன்னும் பின்னும் ஊசலாடும். இந்த ஊசல் சீராக இருந்தால் கவலை இல்லை, மென்பொருள் திருத்திவிடும். சொரசொரப்பாகத் துள்ளினால்தான் தொந்தரவு. தாங்கும் எடை என்று அட்டவணையில் போட்டிருப்பதில் பாதிதான் நாங்கள் ஏற்றுகிறோம். விற்கிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள், ஆனால் படம் எடுக்கிற எல்லோரும் சொல்வார்கள்.

போர்டு? அது சாகும். இந்த முறை அதற்குத் தயாராகவே வாங்கினோம். மோட்டாரை இயக்கும் மின்னணுப் பகுதி மவுண்டுக்கு வெளியே தனிப் பெட்டியில் இருக்க வேண்டும், ஆஸ்காம் அல்லது இண்டி என்ற பொது மென்பொருள் தரம் வழியாக எந்தக் கணினியோடும் பேச வேண்டும் என்று நிபந்தனை வைத்தோம். ஆறாவது வருடம் சொல்லிவைத்தாற்போல் செத்தது. அதை எடுத்துவிட்டு, வடிவமைப்பை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் ஆன்ஸ்டெப் கட்டுப்பாட்டுப் பெட்டியை ஒரு கல்லூரி மாணவி செய்து மாட்டினாள். பல் எண்ணிக்கையையும் மோட்டார் அடியையும் அவளே எண்ணிக் கணக்கிட்டாள். முதல்முறை ஆன்போது தொலைநோக்கி வானத்துக்கு எதிர்த்திசையில் ஓடியது. ஒரு குறியை மாற்றினாள். சரியாகிவிட்டது.

மவுண்ட் நிற்கும் தூண் விஷயத்தில் எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொல்வேன்: கான்கிரீட்டுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம், தூணின் அடித்தளம் தரையின் அடித்தளத்தோடு ஒட்டக்கூடாது. ஒட்டினால் யாராவது நடந்தாலே நட்சத்திரம் குதிக்கும்.

ஈரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அதுதான். முதல் மழைக்காலத்தில் அக்கறையாக தொலைநோக்கியை பிளாஸ்டிக் உறையால் இறுக்கமாகச் சுற்றிக் கட்டினோம். பத்து நாள் கழித்துப் பிரித்தால் உள்ளே நீர் சொட்டியது. உறை வெளி ஈரத்தைத் தடுத்ததைவிட உள் ஈரத்தைப் பிடித்து வைத்ததுதான் அதிகம். பகலில் ஆவியாகி, இரவில் உலோகத்தின்மேல் நீராக இறங்கி, மறுநாள் மறுபடி. இப்போது காற்று போய்வரும் பருத்தித் துணிதான். அதற்கடியில் சில வாட் மட்டுமே எடுக்கும் ஒரு சிறு வெப்பக் கம்பி. கண்ணாடி சுற்றுக்காற்றைவிட இரண்டு டிகிரி சூடாக இருந்தாலே பனி இறங்காது. ஈரத்தை விரட்டப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை.

ஐபீஸ்களைத் தொலைநோக்கியோடு விட்டுவைத்ததில் நான்கில் பூஞ்சை பிடித்தது. லென்ஸின்மேல் சிலந்தி வலை போல மெல்லிய இழைகள். பூஞ்சை வெறுமனே படர்ந்தால் துடைத்துவிடலாம். அது சுரக்கும் அமிலம் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தபிறகும் தடம் போகாது. இரண்டு ஐபீஸ் அப்படிப் போயிற்று. மூடி இறுகும் பெட்டியில் சிலிகா ஜெல்லோடு வைத்திருந்தால் போதும், அதுவும் நிறம் மாறியதும் அடுப்பில் சூடாக்கித் திரும்ப வைக்க வேண்டும். நிறம் மாறி ஆறு மாதம் ஆகியும் கவனிக்காத சிலிகா ஜெல் வெறும் மணிதான்.

தூசிக்கு நாங்கள் பயப்படுவதில்லை. கண்ணாடியில் கொஞ்சம் தூசி இருந்தால் இழக்கும் ஒளி சொற்பம், துடைத்து விழும் கீறல் நிரந்தரம். வருடத்துக்கு ஒருமுறை கூடக் கழுவமாட்டோம். கழுவும்போது முதலில் தண்ணீரை ஓடவிட்டு மணலை விரட்டுவோம். பிறகு ஒரு சொட்டு சோப்பு போட்ட நீரில் பஞ்சை அதன் எடையாலேயே இழுப்போம், விரலால் அழுத்துவதில்லை. கடைசியில் காய்ச்சி வடித்த நீர். பூச்சிகள்தான் உண்மையான ரகளை. குளவி ஒன்று, குழாயின் எடையைச் சமன்செய்யும் கவுன்டர்வெயிட் தண்டின் துளைக்குள் மண்ணால் வீடு கட்டியிருக்கிறது. எறும்புகள் கூரை மோட்டாரின் ரிலேக்குள் போய் மாட்டி, கூரை பாதியில் நின்றிருக்கிறது. இணைப்புத் துளைகளுக்கெல்லாம் ரப்பர் மூடி போட்டபிறகு கொஞ்சம் அமைதி.

கூரை என்றதும் நினைவுக்கு வருகிறது: தொலைநோக்கி கிடைமட்டமாக நிற்கிறதா என்று உறுதிசெய்யும் ஒரு சுவிட்ச் இல்லாமல் நகரும் கூரைக்கு மோட்டார் வைக்காதீர்கள். கூரை இடித்ததில் எங்களுக்குப் போனது குழாயோடு மாட்டிய சிறிய வழிகாட்டித் தொலைநோக்கியின் பனிமறைப்பு மட்டும்.

மின்னலுக்கும் ஒரு முறை பாடம் படித்தோம். மழை வருமுன் மின்வயரையெல்லாம் பிடுங்கிவிட்டோம் என்று பெருமையாக வீட்டுக்குப் போனோம். பக்கத்து மரத்தில் விழுந்த இடி, பிடுங்க மறந்த நெட்வொர்க் கேபிள் வழியே வந்து கேமராவையும் கணினியையும் சேர்த்துக் கொண்டுபோனது. இப்போது அந்த இணைப்புக்கு உலோகமே இல்லை, ஒளியால் தகவல் கடத்தும் கண்ணாடியிழை.

பழைய தொலைநோக்கி வாங்குகிறவர்களுக்கும் இதையெல்லாம்தான் சொல்வேன். பயன்பட்ட கருவி என்பதால் ஒதுக்க வேண்டாம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து லென்ஸைப் பாருங்கள், பூஞ்சை இருந்தால் தெரியும். பிரகாசமான நட்சத்திரத்தைக் குவியத்துக்கு உள்ளேயும் வெளியேயும் கலைத்துப் பாருங்கள், வளையங்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வட்டமாக இருக்க வேண்டும். மவுண்டின் பிடியைத் தளர்த்தி அச்சைக் கையால் சுற்றுங்கள், எங்காவது முண்டினால் கிரீஸ் கட்டியாகியிருக்கலாம், பேரிங் போயிருக்கலாம். இரண்டுமே சரிசெய்யக்கூடியவை. கண்ணாடியின் பூச்சு மங்கியிருந்தால் விலை பேச அது நல்ல சாக்கு. பூச்சை மாற்றலாம். வெள்ளிப் பூச்சைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருந்த காலம் உண்டு. வெற்றிடத்தில் அலுமினியம் பூசும் முறை 1930களில் வந்தபிறகுதான் அது வருடக்கணக்கானது. அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் கூடத்தின் 100 அங்குலக் கண்ணாடிக்கே 1935இல்தான் அலுமினியம் ஏறியது.

எங்கள் கண்ணாடிக்கு இது பதினோராவது வருடம். குறிப்பேட்டில், ஒப்பிடுவதற்காக அளக்கும் ஒரே நட்சத்திரத்திலிருந்து பதிவான ஒளியின் அளவு வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. விளக்கைப் பின்னால் பிடித்தால் விளிம்போரம் ஊசிமுனைத் துளைகள் தெரிந்தன. போன மாதம் கழற்றி மறுபூச்சுக்கு அனுப்பினோம். கழற்ற நாற்பது நிமிடம் ஆனது, போல்ட் ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், கை வைக்கவில்லை.

குழாய் இப்போது காலியாக மூலையில் நிற்கிறது. மவுண்டின் மேல் 100 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கியை ஏற்றி, பிரகாசமான மாறொளி விண்மீன்களை மட்டும் அளந்துகொண்டிருக்கிறோம். கண்ணாடியின் சீரமைப்புத் திருகுகள் மூன்றும் எத்தனை சுற்று வெளியே இருந்தன என்று அந்த மாணவி குறிப்பேட்டில் படம் போட்டு எழுதி வைத்திருக்கிறாள். எப்படியும் கண்ணாடி திரும்பி வந்ததும் எல்லாம் முதலிலிருந்து சீரமைக்க வேண்டியதுதான், அது அவளுக்கும் தெரியும்.